இடம் மாறி விழுந்த துண்டு

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணா,

நாங்கள் இருக்கிறோம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போன மாதம் எழுதியதற்கு நீ பதில் போடவில்லை. எனக்கு வாய் வராது என்று கேலி செய்வாயே, உனக்குக் கை வரவில்லையா?

சின்னவன் மறுபடியும் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். பயப்படாதே, பிழைத்துவிட்டான். சனிக்கிழமை கடையில் நல்ல கூட்டம். ஈரல் கேட்டவருக்கு அம்மா நெஞ்செலும்பைக் கட்டிக் கொடுத்துவிட்டாள். அந்த ஆள் திரும்பி வந்து சத்தம் போட்டார். அவர் தெருமுனை தாண்டும் வரை அப்பா சிரித்துக்கொண்டே நின்றார். பிறகு தராசிலிருந்த எடைக்கல்லை எடுத்து அம்மாமேல் வீசினார். அம்மா குனிந்துவிட்டாள். பின்னால் மரப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்த சின்னவனின் முழங்காலில் பட்டது.

உனக்கோ எனக்கோ பட்டிருந்தால் வீங்கி, நீலமாகி, போயிருக்கும். அவனுக்கு உள்ளேயே ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. சாயங்காலத்துக்குள் முழங்கால் பந்து மாதிரி ஆகிவிட்டது. ஆறு வயதுப் பிள்ளை, அழவே இல்லை. "அக்கா, அப்பாவுக்குக் குறி தப்பிடுச்சு" என்றான். நீ அவருடைய வலது தோளை உடைத்ததிலிருந்து இடது கையால்தான் வீசுகிறார். அதனால்தான் தப்புகிறது.

ஆஸ்பத்திரியில் மரபணுப் பிரிவு என்று ஒன்று புதிதாக வந்திருக்கிறது. அங்கே ஒரு டாக்டரம்மா. குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி ரத்தம் உறையாமல் போகுமா என்று கேட்டார்.

"எங்க பக்கம் யாருக்கும் கிடையாது. இவ பக்கம் தோண்டிப் பாருங்க" என்றார் அப்பா. "குட்டி வாங்கினாக்கூடத் தாயோட பல்லைப் பிடிச்சுப் பார்த்துத்தான் வாங்குவேன். இவ விஷயத்துல மட்டும் பார்க்காம விட்டுட்டேன்."

நர்ஸ் சிரித்துவிட்டாள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மாவும் நானும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தோம். அப்பா கொடுக்கவில்லை. சின்னவன் பிறந்ததிலிருந்து அம்மா வாங்கும் ஒவ்வோர் அடிக்கும் அவள் பக்கத்து ரத்தம் கெட்டது என்பதுதானே காரணம்? அம்மாவின் தலையை அவர் சுவரில் மோதியபோதும் அதைத்தானே சொன்னார், நீ உருட்டுக்கட்டையைத் தூக்கி ஜெயிலுக்குப் போனதும் அப்போதுதானே? அம்மாமேல் குற்றமில்லை என்று காகிதத்தில் வந்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும், இல்லையா?

உன் இடத்தில் நான்தான் வெட்டுகிறேன். பள்ளிக்கூடப் பையில் இப்போது ஏப்ரன் இருக்கிறது. தொடை எலும்புக்கு எனக்கு இன்னும் இரண்டு வெட்டு தேவைப்படுகிறது.

உன் அன்புத் தங்கை

பிப்ரவரி 24

என் ஊமைக்கோட்டானுக்கு,

இங்கே வரும் கடிதம் போகும் கடிதம் எல்லாவற்றையும் ஒரு அதிகாரி பிரித்துப் படித்து முத்திரை குத்துகிறார். ஐயா, வணக்கம். என் தங்கையின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்றீர்களாம். வகுப்பில் எழுந்து பதில் சொல்லப் பயந்து எல்லாவற்றையும் எழுதியே காட்டியவள், அதனால்தான்.

இரண்டு வெட்டு எதற்கு? நீ எலும்பைப் பார்த்து வெட்டுகிறாய். மூட்டைப் பார். மூட்டு எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்துவிட்டால் போதும், கத்தி தானாக இறங்கும்.

சின்னவனிடம் சொல், அண்ணன் ஏப்ரல் கடைசியில் வந்துவிடுவான், தோளில் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுவான் என்று. அம்மாவைப் பகலில் கொஞ்சம் படுக்கச் சொல். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

பரணில் என் கத்தி கோணியில் சுற்றியபடி இருக்கும். எடுத்துச் சாணை பிடித்து வை. வந்ததும் எனக்குப் பெரிய கிடா ஒன்று பாக்கி இருக்கிறது. போன முறை தோளோடு விட்டுவிட்டேன். ஐயா, இது கசாப்புக் கடைச் சமாசாரம், நீங்கள் கண்டுகொள்ள வேண்டாம்.

காகிதம் வந்ததும் எழுது.

அண்ணன்

மார்ச் 18

அன்புள்ள அண்ணா,

காகிதம் வந்தது. அம்மா கடையில் இருந்ததால் நான் தனியாகப் போனேன். டாக்டரம்மா சொன்னதைப் புரிந்த வரைக்கும் எழுதுகிறேன்.

உடம்பைச் செய்யும் குறிப்பு முழுவதும் எழுத்து மாதிரி நீளமாக நமக்குள்ளே இருக்கிறதாம். அதில் ஏறக்குறைய பாதி, எந்தக் காலத்திலோ இடம் மாறி வந்து விழுந்த துண்டுகளாம். பெரும்பாலும் அசையாமல் கிடக்கும். சில மட்டும் தன்னையே நகல் எடுத்து வேறோர் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். எங்கே உட்காரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வெற்றிடத்தில் விழுந்தால் ஒன்றுமில்லை. சின்னவனுக்கு, ரத்தத்தை உறைய வைக்கும் குறிப்பின் நட்டநடுவில் விழுந்திருக்கிறது.

"அம்மா ரத்தத்துல அது இல்ல. உன்கிட்டயும் இல்ல. நோய் இல்லாத ஆம்பளைகிட்ட இது இருக்க முடியாது, அதனால அப்பாகிட்டயும் இல்ல. அவன் கருவாகிற நேரத்துல புதுசா குதிச்சிருக்கு. யாரும் கொடுக்கல" என்றார்.

நான் மூன்று தரம் திருப்பிக் கேட்டேன். யாரும் கொடுக்கல என்றுதான் மூன்று தரமும் சொன்னார். பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது, பக்கத்தில் இருந்த பாட்டியம்மா தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

கடை சாத்தும் நேரத்தில் அப்பாவிடம் சொன்னேன். என் வாழ்க்கையில் அவரிடம் அத்தனை வார்த்தை பேசியதில்லை. அவர் இறைச்சி வெட்டும் கட்டையைச் சுரண்டிக்கொண்டே கேட்டார்.

"அப்போ இவ ரத்தத்துல இல்ல."

"இல்லப்பா."

"என்கிட்டயும் இல்ல."

"யார்கிட்டயும் இல்லப்பா. தானா வந்ததாம்."

"தானா எதுடி வரும்? உங்கம்மாகிட்டயும் இல்ல, என்கிட்டயும் இல்லன்னா, எவன் கொடுத்தான்?"

அண்ணா, இப்படி ஒரு கேள்வி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அம்மா தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். முடியைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, "எவன், எவன்" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். இறைச்சி மாட்டும் கொக்கியில் அம்மாவின் காது கிழிந்தது. நான் நடுவில் போனேன். என்னைக் கழிவுத்தொட்டிக்குள் தள்ளிவிட்டார். குடலுக்குள் முகம் புதைந்தபடி, அம்மா ஒரு பெயரும் சொல்ல முடியாமல் அலறுவதைக் கேட்டேன். சொல்ல ஒரு பெயரும் இல்லையே.

எட்டுத் தையல். அந்தக் காதில் இப்போது கேட்பதில்லை. நல்ல செய்தி கொண்டு வருகிறோம் என்று நினைத்து நான்தான் அதை வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.

தங்கை

ஏப்ரல் 1

கோட்டானுக்கு,

படித்தேன். இதில் நீ அழ ஒன்றும் இல்லை.

ஆக, இத்தனை வருஷம் அடித்ததற்கு ஒரு காரணமும் கிடையாது. இதற்கு முன்பு எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் இருந்தது, இப்போது அதுவும் இல்லை. டாக்டரம்மாவுக்கு நன்றி சொல்.

ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வா. கடைப் பின்வாசல் சாவியை எடுத்து வா. அம்மாவிடம் சொல்லாதே.

அண்ணன்

ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணா,

ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வந்தபோது நீ கேட்டதற்கு நான் தலையைத்தான் ஆட்டினேன். வாய் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

சாவி தரமாட்டேன். கத்தியை நான் சாணை பிடிக்கவில்லை.

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, அங்கே உன் சோப்பை எடுத்தவனின் பல்லை உடைத்த கதையைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாய். நான் சாவி இல்லை என்று தலையாட்டியதும் அதே சிரிப்போடு என் மணிக்கட்டைப் பிடித்தாய். காவலர் பார்க்கும் பக்கம் முகம் சிரித்துக்கொண்டிருந்தது, மேஜைக்குக் கீழே கை முறுக்கிக்கொண்டிருந்தது. மூட்டு எங்கே இருக்கிறது என்று உன் விரலுக்குத் தெரிந்திருந்தது.

எனக்கு ரத்தம் உறையும், அண்ணா. நீலம் சில நாளில் போய்விட்டது. உன் தோளில் ஏறப்போகிறவனுக்கு உறையாது.

டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன், அடிக்கிற குணமும் இப்படித்தான் வருமா என்று. "அதுக்கு எங்ககிட்ட டெஸ்ட் இல்லம்மா" என்றார். பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தார். "யாரு?" என்று கேட்டார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

நாங்கள் இப்போது கடைவீட்டில் இல்லை. டாக்டரம்மா பேசி ஓர் இடம் வாங்கித் தந்திருக்கிறார். உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறது. அம்மாவுக்குத் துணி துவைக்கும் இயந்திரங்களோடு வேலை. அந்தச் சத்தத்தில் எல்லாருக்குமே காது கேட்பதில்லை என்று அவளே சிரிக்கிறாள். சின்னவனுக்கு ரத்தம் உறைவதற்கான ஊசி போடுகிறார்கள். நேற்று ஓடினான், விழுந்தான், எழுந்தான். நாங்கள் மூச்சுவிடாமல் பார்த்தோம். வீங்கவில்லை.

நீ குறுக்கே விழாவிட்டால் அம்மா இன்று உயிரோடு இல்லை. அதை ஒருநாளும் மறக்கமாட்டேன். என்னைச் சைக்கிளில் வைத்து மிதித்ததும், வகுப்பில் என்னைக் கேலி செய்தவர்களை மிரட்டியதும் நீதான். அதையெல்லாம் நினைத்துத்தான் மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

இதைப் பிரித்துப் படிக்கும் ஐயாவுக்கு வணக்கம். பெரிய கிடா என்று அண்ணன் எழுதியது எங்கள் அப்பாவை. வெளியே வந்ததும் அவரைக் கொல்லப் போவதாக என்னிடம் நேரிலும் சொல்லியிருக்கிறான். தயவுசெய்து இதை மேலே யாரிடம் காட்ட வேண்டுமோ அவரிடம் காட்டுங்கள். அதன் பிறகு முத்திரை குத்தி அண்ணனிடம் கொடுங்கள். நான்தான் சொன்னேன் என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

அண்ணா, புது விலாசம் எழுதப் போவதில்லை. நீ பதில் போட்டால் கடைக்குத்தான் போகும். அங்கே இப்போது அதைப் பிரிக்க அப்பா மட்டும்தான் இருக்கிறார்.

சாப்பாட்டைத் தவிர்க்காதே.

உன் தங்கை