பாஷா மச்சானுக்கு: ஓட்டி பன் திருடிவிட்டான்

என் பிரியமுள்ள பாஷா மச்சானுக்கு,

முதலில் உட்கார்ந்துகொள். நின்றுகொண்டு கேட்கிற சேதி இல்லை இது. இன்று மதியம் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறும்போது, உன் டீக்கடையில், அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, நம் நாய் ஓட்டி பின்னங்காலில் எழுந்து நின்று மேசைமேல் இருந்த பன்னைத் திருடிவிட்டான். பின்னங்காலில் மச்சான்! வீட்டுக்குப் போகாமல் கடையிலேயே உட்கார்ந்து அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ போன பிறகு நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் இதன் அருமை உனக்குப் புரியும்.

மூன்று ஷிஃப்டுக்கும் கம்பெனி கேட்டிலேயே கிடக்கிறான், இவன்தான் நிஜமான ஓவர்டைம்காரன், ஓ.டி. என்று சொல்லி அந்த நாய்க்கு ஓட்டி என்று நீதானே பேர் வைத்தாய்? அவனுக்குப் பன் போடுவது தாங்கள் மட்டும்தான் என்று ஒவ்வொரு ஷிஃப்டும் நினைத்துக்கொண்டிருந்தது. நீ போய் ஆறு மாதத்தில் அவன் எலும்பும் தோலுமாகிவிட்டான். தின்பதென்னவோ பழைய தீனிதான். கடைத் தொட்டியில் வாய் வைத்தால் தலையெடுக்காமல் தண்ணீர் குடித்தான். அவன் மூத்திரம் பெய்த இடத்தில் எறும்பு மொய்த்தது.

அப்புறம் பின்னங்கால்கள் படுத்தன. பாதத்தில் ஊன்றாமல் கணுக்கால் முழுக்கத் தரையில் பதிய, குந்தினாற்போல நடந்தான். லாரி தட்டியிருக்கும் என்றார்கள். வயசாகிவிட்டது, ஒரு ஊசி போட்டு முடித்துவிடலாம் என்றும் சொன்னார்கள். நானும் சரியென்று தலையாட்டத்தான் இருந்தேன். பக்கத்தில் போய்ப் பார்த்தால், தாரில் உரசி உரசி அவன் நகம் தேய்ந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அவனோ ஒன்றுமே நடக்காதவன்போல வாலை ஆட்டுகிறான்.

அப்போதுதான் மச்சான், உன் செருப்பு ஞாபகம் வந்தது.

ஜூஜுவாடி ரோட்டில் உன் இடது செருப்பு கழன்று கிடக்க, நீ பாட்டுக்கு வெறுங்காலோடு பால் கேனைத் தூக்கிக்கொண்டு போவாய். நாங்கள் சிரிப்போம். நான்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தேன். ஒரு நாள் அந்தச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மச்சானுக்குக் கால் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை என்று கடை முழுக்க ஊர்வலம் காட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? சுகர் உன் கால் நரம்பைத் தின்றுகொண்டிருந்தது. கடைசியில் ஆணி ஏறியதுகூடத் தெரியாமல் நீ நடந்தாய். அந்தப் புண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவே இல்லை.

ஓட்டியைப் பிளாஸ்டிக் கிரேட்டில் உட்காரவைத்து, மொபெட்டில் கட்டி, ஓசூர் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ரத்தம் பார்க்கச் சொன்னேன். நாய்க்குச் சுகரா என்று வழியெல்லாம் கேலி செய்துகொண்டு கூட வந்த அடுத்த ஷிஃப்ட் நஞ்சப்பா, சுகர்தான் என்று ரிசல்ட் வந்ததும் ஓட்டியின் தலையைத் தடவிக்கொடுத்தான். டாக்டரம்மா நன்றாக விளக்கினார். சுகர் ஏறியே கிடந்ததால் பின்னங்கால் நரம்பு கெட்டிருக்கிறது, நாய்களில் இது அபூர்வம். ஆயுசுக்கும் தினம் இரண்டு வேளை இன்சுலின், நரம்புக்கு பி-12 மாத்திரை, பன் வாசனையே கூடாது.

"காலு திரும்புமாங்க?" என்றேன்.

"சுகர் கட்டுக்குள்ள வந்தா திரும்பலாம். ஆனா நரம்புங்க, ஒரு நாள்ல வராது. நீங்க விட்டுடாம இருக்கணும்."

சிக்கல் எங்கே வந்தது தெரியுமா? கம்பெனியில் ஷிஃப்ட் மாறுவது காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து. ஊசி போட வேண்டியது காலை ஆறு, மாலை ஆறு. காலையில் நானோ நஞ்சப்பாவோ போட்டுவிடலாம். மாலை ஆறுக்கு ஷிஃப்டில் இருப்பவன் வெளியே வர முடியாது, மற்றவன் வீட்டில் இருப்பான். இப்போது கடையைப் பார்த்துக்கொள்வது உன் நஸ்ரீன் ஒருத்திதான். அவள் நாயை வாசலுக்கு இந்தப் பக்கம் விட்டதே இல்லை, உனக்கே தெரியும். தயங்கித் தயங்கித்தான் கேட்டேன்.

"அவருக்குப் போட்ட கையிண்ணே இது. இனிமே ஊசியையே தொடக் கூடாதுன்னு இருந்தேன்" என்றாள். அடுப்பைத் தணித்தாள். அப்புறம் கையை நீட்டி, "எத்தன யூனிட்டு?" என்று கேட்டாள். பிஸ்மில்லா சொல்லித்தான் குத்துகிறாள். எங்கள் எல்லாரையும்விட அவள் கைதான் பதம். ஓட்டி முனகுவதுகூட இல்லை.

ஒரு நாள் அவனை நானே கொன்றிருப்பேன். காலையில் ஊசி போட்டதும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பது எங்கள் ஏற்பாடு. அன்று நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தேன். உள்ளே போகும்போது கொடுத்த போனைச் செக்யூரிட்டியிடமிருந்து இன்னும் வாங்கவில்லை. நஞ்சப்பா போட்டுவிட்டு, மிஸ்டு காலும் கொடுத்துவிட்டு உள்ளே போயிருக்கிறான். நான் வந்து இன்னொன்று போட்டேன். கொஞ்ச நேரத்தில் ஓட்டி தள்ளாடி விழுந்து வெட்டி இழுக்க ஆரம்பித்தான். நான் மரம்போல நின்றேன். நஸ்ரீன்தான் பால் சட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து, சர்க்கரையைக் குழைத்து அவன் ஈறில் தேய்த்தாள். உனக்கு எத்தனை தடவை தேய்த்திருப்பாள்! அவன் கண் திறந்து அவள் விரலை நக்கினான். அதற்கப்புறம்தான் என்னைத் திட்டினாள். திட்டட்டும்.

அன்றிலிருந்து உன் டீ கிளாஸ்தான் எங்களுக்கு அடையாளம். ஊசி போட்டவர் அதைக் கவிழ்த்து வைக்க வேண்டும். வேளை வந்தால் நஸ்ரீன் நிமிர்த்தி வைப்பாள்.

ஒரு மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் மாதம் கணுக்கால் தரையைவிட்டுக் கொஞ்சம் எழும்பியது. எனக்கு மட்டும்தான் அப்படித் தோன்றுகிறதோ என்று யாரிடமும் சொல்லவில்லை. இன்று அவன் ஏறி நின்றுவிட்டான்! "சுகர்காரனுக்குப் பன்னு கேக்குதா?" என்று நஸ்ரீன் கரண்டியோடு பாய்ந்து, முக்கால் பன்னை அவன் வாயிலிருந்து பிடுங்கினாள். பன்னும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணே, நின்னுச்சுல்ல?" என்றாள்.

"நின்னான் தங்கச்சி."

சிரித்துக்கொண்டே அழுதாள். நானும்தான், ஆண்பிள்ளை என்று என்ன வேண்டிக்கிடக்கிறது? இடது கால் இன்னும் லேசாக இழுக்கிறது, அது போதும் எனக்கு.

இதெல்லாம் உனக்குச் செய்திருக்க வேண்டியது மச்சான். செருப்பைக் கையில் எடுத்தவன் ஊர்வலம் காட்டாமல் உன் காலைப் பிடித்துப் பார்த்திருந்தால்? இந்தக் கேள்வியோடுதான் நான் தினமும் ஊசியைக் கையிலெடுக்கிறேன்.

மணி ஆறாகப் போகிறது. உன் கிளாஸை இப்போதுதான் நிமிர்த்தி வைத்தாள். ஒன்று மட்டும் உனக்குச் சத்தியம் செய்கிறேன். இனி நம் கடை வாசலில் எவன் செருப்பு கழன்று கிடந்தாலும் நான் சிரிக்க மாட்டேன். அதை எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே ஓடுவேன்.

உன் செருப்பைப் பார்த்துச் சிரித்த மச்சான்,
முருகேசன்