மாலதிக்கு என்ன கொடுப்பது

ஜனவரி 4, ஞாயிறு

காலையில் நல்ல பனி. எட்டு மணிக்கும் எதிர் வீட்டு மாடி தெரியவில்லை. சம்பா முற்றி நிற்கிறது, பொங்கல் கழித்து அறுப்பு. மழை மட்டும் வரக்கூடாது.

பொங்கலுக்கு யாருக்கு என்ன என்று இன்றே உட்கார்ந்து யோசித்துவிட முடிவு. போன வருடம் மாதிரி கடைசி நாளில் எவர்சில்வர் டப்பாவாக வாங்கி எல்லார் கையிலும் திணிக்கப் போவதில்லை. அதில் ஒரு டப்பா ஊரெல்லாம் சுற்றி எனக்கே திரும்பி வந்தது. நான் ஒட்டிய விலைச்சீட்டு அடியில் அப்படியே.

இவருக்கு – படிக்கிற கண்ணாடி. ஒன்றல்ல, மூன்று. பேப்பர் பக்கத்தில் ஒன்று, வண்டிப் பெட்டியில் ஒன்று, மோட்டார் கொட்டகையில் ஒன்று. தினமும் "என் கண்ணாடியப் பாத்தியா" என்று கேட்டு வீட்டைத் தலைகீழாக்குவது இதோடு நிற்கட்டும்.

மாமியாருக்கு – போன் அட்டை. சொந்தக்காரர்கள் போட்டோவும் பக்கத்தில் பெரிய எழுத்தில் நம்பரும். நம் ஜெராக்ஸ் கடையிலேயே பிரிண்ட் போட்டு லேமினேஷன் செய்துவிடலாம்.

யா. (மகள் யாழினி சென்னைக்கு வேலைக்குப் போய் முதல் பொங்கல், லீவு இல்லை என்கிறாள்) – பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி. இன்னும் ஏதாவது வேடிக்கையாக.

பர். (கடையில் டைப் அடிக்கிற பர்வீன்) – யோசிக்க வேண்டும். கைக்குழந்தைக்காரி. அவளுக்கு என்ன வாங்கினாலும் குழந்தைக்கு வாங்கியதாகத்தான் முடியும்.

மாலதிக்கு –

இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. எழுந்து போய் உலை வைத்தேன்.

ஜனவரி 6, செவ்வாய்

ரயில்வே கேட் காலையிலிருந்து மூடி மூடித் திறக்கிறது. கேட் மூடினால் நமக்கு வியாபாரம். காத்திருக்கிறவர்கள் சும்மா நிற்பானேன் என்று ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நீடாமங்கலத்தில் கடை வைத்தவர்கள் கேட்டுக்குத்தான் படையல் போட வேண்டும்.

மாலதி இவருடைய தங்கை. ஒரே தங்கை. பூம்புகார் பக்கம் கட்டிக்கொடுத்த ஊர். கல்யாணமான நாளிலிருந்து வருடம் தவறாமல் பொங்கல் வரிசை போகும். பானை, பச்சரிசி, வெல்லம், வாழைத்தார், மஞ்சள் கொத்து, தோகையோடு ஒரு கட்டுக் கரும்பு, புடவை வேட்டி. கொண்டுபோவது அண்ணன். பார்த்துப் பார்த்து வாங்குவது நான். குறை சொல்வது மாலதி.

அதிலும் முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டாள். சிரித்து, சோறு போட்டு, வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டு, நாங்கள் திரும்புகிற பஸ் மாயவரம் தாண்டுவதற்குள் போன் செய்வாள். "அண்ணி, வெல்லம் கரிக்குது." ஒரு வருடம் கரும்பு ஒல்லி. ஒரு வருடம் புடவை அவள் மாமியார் கட்டுகிற கலர். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வரும். வீடு வரும்வரை இவரைத் திட்டித் தீர்ப்பேன். இவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவார்.

ஆவணியில் மாலதியின் கணவர் போய்விட்டார். மாரடைப்பு. வயலிலிருந்து வந்தவர் தண்ணீர் கேட்டிருக்கிறார், கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது.

அதிலிருந்து மாலதி குறையே சொல்வதில்லை. எதற்கும் "சரி அண்ணி", "ம்". அவள் மகள் ரம்யா இன்று போனில் அதைத்தான் சொன்னாள். "சாம்பார்ல உப்பே இல்ல அத்தை. அம்மா பேசாம சாப்டுட்டு எந்திரிச்சுப் போயிருச்சு."

மாலதி சாப்பிட்டாளா, உப்பில்லாமல்.

ஜனவரி 7, புதன்

துக்க வீட்டில் ஒரு வருடத்துக்குப் பண்டிகை கிடையாது, பானை வைக்க மாட்டார்கள். அதனால் இந்த வருடம் வரிசை இல்லை என்று மாமியார் சொல்லிவிட்டார். இவர் கேட்கக்கூட இல்லை, அவராகவே சொன்னார்.

"பானை வைக்காத வீட்டுக்கு வரிசை எதுக்கு? பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

சொல்லிவிட்டு முருங்கைக்கீரை ஆய்வதில் குனிந்துகொண்டார். பெற்ற மகள்தானே, அவருக்கு மட்டும் வலிக்காதா. இவர், "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார்.

அங்கேதான் எனக்குப் பயம். எதிர் வீட்டு வசந்தா அக்காவுக்கு இப்படித்தான் வரிசை நின்றது. ஒரு வருடம் துக்கம். அடுத்த வருடம் தம்பி சிங்கப்பூரில். அதற்கடுத்த வருடம் யாருக்கும் ஞாபகம் இல்லை. இப்போது அந்த அக்கா பொங்கலன்று கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு டிவி பார்க்கிறது. மாலதிக்கு அப்படி ஆகிவிடக் கூடாது.

வரிசை என்று இல்லாமல் சும்மா ஏதாவது கொடுக்கலாமே என்று யோசித்தேன்.
புடவை – வேண்டாம். பளிச்சென்று எடுத்தால் ஊர் பேசும், வெளுப்பாக எடுத்தால் நானே அவளை மூலையில் உட்கார வைத்ததுபோல்.
பணம் – கவரில் போட்டுக் கொடுத்தால் கணக்கு முடித்த மாதிரி.
ஸ்வீட் – சீ.
குக்கர் – இருக்கிறது. கேஸ்கட் சரியில்லை என்று சொன்ன குக்கர்.

யா.வுக்கு மட்டும் யோசனை கிடைத்தது. வீட்டுச் சத்தம். கேட் மணி, மன்னார்குடி ரயில், நம் கிரைண்டர், அவள் ஆச்சி பூனையைத் திட்டுவது. எல்லாவற்றையும் போனில் பதிந்து அனுப்பினால் அதுதான் பொங்கல் பரிசு. பூனையை மட்டும் திட்ட வைக்க வேண்டும், ரெக்கார்ட் போட்டால் மாமியார் மரியாதையாகப் பேசுகிறார்.

ஜனவரி 8, வியாழன்

மேகமூட்டம். ஊரே வானத்தைப் பார்க்கிறது. தூறலோடு விட்டது, புண்ணியம்.

சாயங்காலம் வாசலில் டாட்டா ஏஸ். பக்கத்து ஊரில் கரும்பு போடுகிறவர் அனுப்பியிருக்கிறார். ஒரு கட்டு இறக்கினார்கள். இன்னொரு கட்டும் இறக்கினார்கள்.

இவர் கார்த்திகையிலேயே போய்ச் சொல்லி வைப்பது வழக்கம். வீட்டுக்கு ஒரு கட்டு, தங்கச்சிக்கு ஒரு கட்டு. இந்த வருடமும் போயிருக்கிறார், வாய் தானாகச் சொல்லியிருக்கிறது. சொன்னது அவருக்கே ஞாபகம் இல்லை. கட்டைப் பார்த்ததும் முகம் செத்துப்போயிற்று.

கடையில் யாருக்காவது விற்றுவிடலாமா என்று கேட்டார். மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "தங்கச்சி பேரச் சொல்லி வாங்குனத விக்கிறதா?" அனுப்பவும் கூடாது, விற்கவும் கூடாது. கொல்லைச் சுவரில் சாத்தி வைத்தோம். தோகை காற்றில் சரசரவென்று ஆடுகிறது. பாத்திரம் கழுவப் போகும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. நல்ல தடிக் கரும்பு. அவள் கேட்ட மாதிரியே.

ஜனவரி 10, சனி

வெயில். அப்பாடா.

பர்வீனுக்குப் பரிசு கொடுத்தாகிவிட்டது: மதியத் தூக்கம். குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கடைக்குப் பின்னால் இருக்கிற அறையில் போய்ப் படு, நானாக எழுப்புகிறவரை வெளியே வரக் கூடாது என்றேன். முதலில் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள். குழந்தை சமர்த்து. கேட்டுக்குக் காத்திருந்த ஒரு போலீஸ்காரர் கொஞ்ச நேரம் தூக்கி வைத்துக்கொண்டார், அவர் தொப்பியை நனைத்துவிட்டது. பர்வீன் கன்னத்தில் பாய் வரியோடு எழுந்து வந்து, "அக்கா, இது மாதிரி யாரும் எனக்குக் குடுத்ததில்ல" என்றாள். செலவில்லாத பரிசு. வருடம் பூராவும் இதையே கொடுக்கலாம்.

மாமியாரின் போன் அட்டையும் தயார். மாலதி தனியாக இருக்கிற போட்டோ தேடினேன், இல்லை. எல்லாவற்றிலும் இரண்டு பேரும்தான். கம்ப்யூட்டரில் அவரை மட்டும் வெட்டி எடுத்துவிடலாம், ஒரு நிமிட வேலை. மனம் வரவில்லை. அப்படியே போட்டேன். மாமியார் அட்டையை வாங்கி எல்லார் முகத்தையும் பார்த்தார். அந்தப் போட்டோவில் மட்டும் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு, "எழுத்து நல்லாத் தெரியுது" என்றார்.

ஜனவரி 11, ஞாயிறு

காலையில் துணி காயப்போடும்போது தோன்றியது. வரிசைக் கரும்பு என்றால் வேரும் தோகையுமாக முழுசாகப் போக வேண்டும். அதையே துண்டு போட்டுவிட்டால்? அது தின்கிற கரும்பு. பஸ் ஸ்டாண்டில் பாலிதீன் பையில் விற்கிறார்களே, அது. துக்க வீட்டில் தின்னக் கூடாது என்று எந்தச் சாத்திரமும் இல்லை. அண்ணன் கொண்டுபோனால்தான் வரிசை. அண்ணி போனால் சும்மா பார்க்கப் போனது.

கொல்லையில் உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தேன். எனக்குக் கரும்பு வெட்டிப் பழக்கமில்லை. அரிவாள் வழுக்குகிறது, துண்டு எங்கேயோ பறக்கிறது. பூனை ஓடிவிட்டது.

மாமியார் வந்து நின்றார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. திட்டினால் வாங்கிக்கொள்வது என்று இருந்தேன். திரும்பி உள்ளே போனார். கொஞ்சம் கழித்து வேறொரு அரிவாளோடு வந்தார்.

"அது மொட்டை. இதால வெட்டு."

அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்து தோகையைக் கழித்துக் கொடுத்தார். பூனை திரும்பி வந்ததும் அதைத் திட்டினார், போனை எடுத்துப் பதிந்துகொண்டேன்.

பாதி அளவு ஒரு சாக்கில். அதற்கு மேல் என்னால் தூக்க முடியாது.

ஜனவரி 12, திங்கள்

கடையைப் பர்வீன் பார்த்துக்கொண்டாள். இவர் பஸ் ஸ்டாண்டு வரை சாக்கைச் சுமந்து வந்து ஏற்றினார். ஏறிவிடுவாரோ என்று நினைத்தேன். படியில் ஒரு கால் வைத்தார், இறங்கிக்கொண்டார். "வெயில்ல நடக்காத, ஆட்டோ வச்சுக்க" என்றார்.

கும்பகோணத்தில் மாறி, மாயவரத்தில் மாறி. கடைசி பஸ் கண்டக்டர் சாக்கைக் காலால் தள்ளிப் பார்த்து விறகா என்று கேட்டார். கரும்பு என்றதும், கரும்பை யாராவது இப்படிக் கொண்டுபோவார்களா என்று தலையில் அடித்துக்கொண்டார். அவருக்கு என்ன தெரியும்.

மாலதி இளைத்துவிட்டாள். வாசலில் அவள் கணவர் பைக், மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டியிருக்கிறது. என்னைப் பார்த்ததும் பின்னால் யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்த்தாள்.

"அண்ணன் வரலயா?"

"அண்ணன் வந்தா வரிசை ஆயிடும். நான் சும்மா உன்னப் பாக்க வந்தேன்."

சாக்கை அவிழ்த்துப் பார்த்தாள். ஒரு துண்டை எடுத்தாள், திருப்பிப் பார்த்தாள், திரும்ப உள்ளே போட்டாள். என்ன இது என்று ஒரு வார்த்தை கேட்பாள் என்று காத்திருந்தேன். டீ போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை போட மறந்திருந்தாள், நானும் சொல்லாமல் குடித்தேன். அறுப்பு மிஷின் எப்போது வரும், ரம்யாவுக்கு எப்போது பரீட்சை என்று பேசினோம். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள், எதையும் அவளாகக் கேட்கவில்லை.

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். வழக்கமாகச் சிரிப்பாள், இன்று அதுவும் இல்லை. "இந்த வருஷத்தோட விட்ருவீங்கன்னு நெனச்சேன் அண்ணி" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவள் கையைப் பிடித்தேன், விட்டேன், பஸ் வந்துவிட்டது.

பஸ்ஸில் அழுதேன். கடற்காற்று, கண்ணில் தூசி என்று பக்கத்து சீட்டு அம்மாவிடம் சொன்னேன். இவ்வளவு தூரம் சாக்கைத் தூக்கிக்கொண்டு போய் என்ன சாதித்தேன். அவளுக்குப் பிடித்ததா பிடிக்கவில்லையா என்றுகூடத் தெரியவில்லை. புடவையே எடுத்திருக்கலாமோ. மாயவரத்தில் கும்பகோணம் பஸ் மாறி, சன்னல் ஓரம் உட்கார்ந்தேன். பஸ் ஊரைத் தாண்டவில்லை, போன்.

"அண்ணி, பஸ் கெடச்சுதா?"

"கெடச்சுது மாலதி."

ஏதோ மெல்லுகிற சத்தம்.

"யாரு அண்ணி வெட்டுனது? ஒண்ணு சாண் இருக்கு, ஒண்ணு மொழம் இருக்கு. எத வாயில வைக்கறது?"

நான்தான் வெட்டினேன் என்றேன்.

"தெரியுது. கரும்பும் கரிக்குது. ரெண்டு துண்டு தின்னு பாத்துட்டேன். ரெண்டும் கரிக்குது."

இத்தனை வருடமாக இந்த இடத்தில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்று போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"சரி மாலதி. அடுத்த வருஷம் வேற ஆள்ட்ட சொல்றேன்."

"ம். தோகையோட கொண்டாங்க. மறந்துறாதீங்க."

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன், மாலதி கரும்பு கரிக்குது என்று சொன்னாள் என்று. பொங்கல்வரை பொறுக்காமல் நான் வாங்கிக் கொடுத்துவிட்ட மூன்று கண்ணாடியில் ஒன்றைப் போட்டுக்கொண்டு பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கழற்றினார். மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். மாமியார் அடுப்படியிலிருந்து, "எப்பவுமே அது அப்படித்தான்" என்றார்.

கொல்லைக்குப் போய், கொண்டுபோகாமல் மீதி வைத்த துண்டுகளில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தேன். அதே கட்டுதான்.

நல்ல இனிப்பு.