அட்ஜஸ்ட் செய்தவன்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். ஒரு கையால் பிரிக்கச் சிரமமாக இருக்கும் என்று தாளை மடிக்காமல் பெரிய உறையில் வைத்திருக்கிறேன். நம் பேக்கிங் பிரிவு அம்மா உங்களைப் பார்க்க வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். நானே வந்திருக்கலாம். வரவில்லை. காரணம் கீழே இருக்கிறது.

உங்கள் பாப்பா எங்கள் வீட்டில் என் அம்மாவோடு இருக்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள். நேற்று பள்ளியில் ஒரு பையனைக் கடித்துவிட்டாளாம். ஏன் என்று கேட்டால் சொல்ல மறுக்கிறாள்.

மாமா லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருப்பதாக உங்களிடம் சொல்லியிருப்பார்கள். பொய். அவர் கிளைச் சிறையில் இருக்கிறார். ஒன்பது நாளாகிறது.

உங்களுக்கு அடிபட்ட மூன்றாம் நாள், டீ இடைவேளையில் ஷெட்டுக்குள் வந்தார். என் டூல் பாக்ஸிலிருந்து பெரிய ஸ்பானரை எடுத்தார். நீங்கள் 'சீக்கிரம்' என்று பெயர் வைத்தீர்களே, அந்த சூப்பர்வைசர், கையில் டம்ளரோடு நின்றார். மாமா அவருடைய வலது கையைப் பிடித்து இழுத்து மெஷின் மேஜைமேல் வைத்து அடித்தார். முதல் அடியில் விரல்கள். இரண்டாவது அடி மணிக்கட்டில். பச்சைக் குச்சி முறிவது போல் ஒரு சத்தம். சீக்கிரம் அலறினார்: "நான் இல்லய்யா, அந்த ஃபிட்டரைக் கேளு, அவன்தான் பண்ணான்!"

மாமா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "என் மச்சான் மேலயே பழி போடுறியாடா?" என்று கேட்டு, தாடையில் அடித்தார். பற்கள் தரையில் விழுந்தன. மறுபடியும் அடித்தார்.

நான் நாலடி தள்ளி நின்றேன். வாயைத் திறக்கவில்லை. ஐந்து பேராகச் சேர்ந்து பிடித்த பிறகு மாமா என் தோளில் முகத்தை வைத்து அழுதார். என் சட்டையில் சீக்கிரத்தின் ரத்தம் ஒட்டியது.

அக்கா, அவருக்கு அப்போது தெரியாது. நீங்கள் அவரிடம் என்னைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

நம் ஷெட்டில் அந்த வார்த்தை ஒரு நாளைக்கு நூறு தடவை காதில் விழும். தகட்டை அழுத்தும் அச்சான டையை அரை மில்லி ஏற்றினால் அட்ஜஸ்ட். பெல்ட்டை இறுக்கினால் அட்ஜஸ்ட். ஆள் வராத நாளில் ஒருத்தியே இரண்டு மெஷின் பார்த்தால் அட்ஜஸ்ட். மின்விசிறி ஓடவில்லை, லீவு இல்லை, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, எல்லாவற்றுக்கும் அதுதான் பதில். "சீக்கிரத்தோட பொண்டாட்டிக்கு வலி எடுத்தாக்கூட, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி ஷிப்ட் முடிஞ்சதும் பெத்துக்கம்மான்னுதான் சொல்லுவாரு" என்றீர்கள் ஒருநாள். டீ சிந்தச் சிந்தச் சிரித்தோம்.

உங்களுக்கு அடிபட்ட செவ்வாய்க்கிழமை காலை அந்தச் சூப்பர்வைசர் என்னிடம் வந்தார். "நாலாம் நம்பர் பிரஸ்ல எண்ணிக்கை பத்தலடா. வலது பட்டனை அட்ஜஸ்ட் பண்ணி விடு." இரண்டு கையும் இரண்டு பட்டனில் இருந்தால்தான் மேல் டை இறங்கும். அந்த நேரம் எந்தக் கையும் உள்ளே இருக்காது. அதற்காகத்தான் இரண்டு பட்டன். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் பழைய டியூபிலிருந்து ஒரு ரப்பர் துண்டை வெட்டினேன். வலது பட்டனை அழுத்தி, அது அழுந்தியே நிற்கும்படி சந்தில் செருகினேன். "எதுக்குடா தம்பி இந்த வேலை?" என்றீர்கள். "ஒரு ஷிப்டுதான்க்கா, அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க." அதைச் சொன்னது சீக்கிரம் இல்லை. நான்.

இருநூறாவது தகடோ, முந்நூறாவது தகடோ. உங்கள் இடது கை பட்டனை அழுத்தியபோது வலது கை தகட்டோடு உள்ளே இருந்தது. நீங்கள் கத்தவில்லை. என்னைப் பார்த்தீர்கள். டையை உயர்த்த எனக்குப் பதினோரு விநாடி ஆனது. அதற்குள் அங்கிருந்தது கை இல்லை.

இனி எழுதப் போவது உங்களுக்குத் தெரியாதது. உங்களை ஆம்புலன்ஸில் ஏற்றியபோது நானும் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. திரும்பிப் போய் ரப்பரைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். தொழிற்சாலை ஆய்வாளர் வந்து இரண்டு பட்டனையும் அழுத்திப் பார்த்தார். இரண்டும் வேலை செய்தன. 'இயந்திரத்தில் குறையில்லை, ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். கீழே என் கையெழுத்து. நர்ஸிடம் நீங்களும் "என் தப்புதான்" என்றீர்களாம். அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. இதையும் எழுதிவிட வேண்டும்.

நேற்று மேனேஜர் கூப்பிட்டு, "ரெண்டு பக்கமும் கை போச்சு. எல்லாரும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போனா விஷயம் அடங்கிடும்" என்றார். அவர் மேஜைக் கண்ணாடியில் குத்தினேன். வீரம் ஒன்றுமில்லை. ஆறு தையல்.

அங்கிருந்து நேராக மாமாவிடம் போனேன். கம்பிக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டார். பிறகு கம்பி வழியே கையை நீட்டி என் கழுத்தைப் பிடித்தார். கண் இருட்டியது. சிறைக் காவலர் ஓடி வருவதற்குள் அவராகவே விட்டுவிட்டார். "போடா" என்றார். அவ்வளவுதான். விரல் தடங்கள் இன்னும் இருக்கின்றன. சட்டைக் காலரை ஏற்றி விட்டுக்கொள்ளவில்லை.

இன்று காலை ஆய்வாளரிடமும் காவல் நிலையத்திலும் புது வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். ரப்பர் துண்டையும் கொடுத்தேன். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். பேனா தானாக அந்த வார்த்தைக்கே போனது. கடைசியில் 'செருகினேன்' என்று எழுதினேன். 'பிடுங்கி ஒளித்தேன்', 'பொய்க் கையெழுத்திட்டேன்' என்றும். "இதுல கையெழுத்துப் போட்டா உன்னையும் உள்ளதான் வைப்பாங்க, தெரியும்ல?" என்றார் ஏட்டு. போட்டேன். நாளை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மாமா அடித்தது அடித்ததுதான், அதற்குத் தண்டனை இருக்கும். ஆனால் உங்கள் கவனக்குறைவு என்ற வரி இனி நிற்காது.

உங்களிடமும் விசாரிக்க வருவார்கள். "சின்னப் பையன், தெரியாம பண்ணிட்டான்" என்று சொல்லத்தான் உங்களுக்கு வாய் வரும். சொல்லாதீர்கள். தெரிந்து செய்தேன்.

காயம் சீக்கிரம் ஆறட்டும். பாப்பாவை அம்மா பார்த்துக்கொள்வாள். முடிந்தபோது இடது கையால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள் அக்கா. எழுத்து கோணிக்கொண்டு போனாலும் சரி. வாயில் வந்ததையெல்லாம் திட்டி எழுதுங்கள். 'பரவாயில்ல தம்பி' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
நாலாம் நம்பர் பிரஸ்ஸின் ஃபிட்டர்