சிம்பொனிக்கு வந்த காக்கா

என் பிரியமான குமரன் அப்பாவுக்கு,

நீங்கள் இருந்தவரை உங்களுக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. அடுத்த அறையில் இருக்கிற மனுஷனுக்கு எதற்குக் கடிதம், ஒரு சத்தம் போட்டால் போதாதா. அதிலும் நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. இப்போது சத்தம் போட்டால் கேட்கிற தூரத்தில் நீங்கள் இல்லை, அதனால் எழுதுகிறேன். காலேஜில் படிக்கிற உங்கள் பேத்தி யாழினி இதை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆயா, ஒரு எழுத்துகூட மாத்தாத, அப்படியே நாலு பேரு படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்ன பிறகு எனக்கு என்ன பயம்.

உங்கள் முதல் வருஷப் படையலில் நடந்ததை யாராவது உங்களுக்கு ஒழுங்காகச் சொல்ல வேண்டும். குமரனிடம் விட்டால் தன் பக்கம் சாய்த்துச் சொல்லிவிடுவான். எல்லாம் உங்கள் சிம்பொனியால் வந்தது.

படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. உங்களுக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். நிலக்கரி மைன்ஸில் மண் வாரும் பெரிய சக்கர மெஷினை மாட்ட வந்த ஜெர்மன்காரர் ஊருக்குத் திரும்பும்போது, கூட வேலை பார்த்த உங்களுக்கு ஒரு ரெக்கார்டு பிளேயரையும், இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கரையும், ஒரே ஒரு ரெக்கார்டையும் கொடுத்துவிட்டுப் போனார். வேறு யாராக இருந்தாலும் சாமி பாட்டு வாங்கிப் போட்டிருப்பார்கள். நீங்கள் அந்த ஒரே ரெக்கார்டைத்தான் போட்டீர்கள். நாலு பாகம், முழுக்க வாத்தியம். "என்னாங்க இது, யாருமே பாட மாட்டாங்களா?" என்று கேட்டேன். "பொறு, வருவாங்க" என்றீர்கள். நானும் பொறுத்துப் பார்த்தேன். கடைசிவரை யாரும் வரவில்லை.

அதைப் போட்டால் குவார்ட்டர்ஸில் ஃபேன் ஓடக் கூடாது. மே மாதமாக இருந்தாலும் கூடாது. ஃபிரிட்ஜ் உறுமுகிறது என்று அதையும் அணைப்பீர்கள், எத்தனை நாள் பால் திரிந்திருக்கிறது. இரண்டு பெட்டிக்கும் நடுவில் நாற்காலி எங்கே இருக்க வேண்டும் என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டீர்கள். நான் வீடு கழுவினால் கோடு போய்விடும். மறுபடி அளந்து போடுவீர்கள். ஒரு வார்த்தை திட்டியதில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் தேவசகாயம் அண்ணனுக்கும் அந்தப் பைத்தியம் தொற்றியது. அவரிடம் பிளேயர் கிடையாது. கேசட் போடுகிற டூ-இன்-ஒன்னை நம் ஸ்பீக்கர் முன்னால் வைத்து, ரெக்கார்டை ஓடவிட்டுப் பதிந்துகொண்டார். சன்னல் திறந்து கிடந்தது. என் குக்கர் விசில், கீரைக்காரம்மா, இன்னும் என்னென்னவோ அந்தக் கேசட்டுக்குள் போய்விட்டன. "இது சிம்பொனியா, மந்தாரக்குப்பம் மார்க்கெட்டா?" என்று நீங்கள் கேட்பீர்கள். "உன் ரெக்கார்டு ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமா இருக்குப்பா. என்னுதுலதான் உசுரு இருக்கு" என்பார் அவர். ரிட்டயர்ட் ஆகியும் அந்தச் சண்டை ஓயவில்லை.

உங்களிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. மைன்ஸில் ஆள் மாறுவதற்கு ஷிஃப்ட் சங்கு ஊதினால்தான் உங்களுக்குப் பசிக்கும். டவுன்ஷிப்பை விட்டு முத்தாண்டிக்குப்பம் பக்கம் வீடு கட்டிக்கொண்டு வந்தோம். இங்கே சங்கு கேட்காது. தட்டை வைத்தால் வெறுமனே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். அப்புறம்தான் நான் சமையலறையிலிருந்து, "ஊதிடுச்சுங்க, வாங்க" என்று சொல்ல ஆரம்பித்தேன். உடனே கை கழுவிக்கொண்டு வருவீர்கள். ஊதவில்லை என்று உங்களுக்குத் தெரியாதா என்ன?

இனி படையல் கதைக்கு வருகிறேன்.

உங்கள் செட்டைச் சென்னைக்குக் கொண்டுபோய்த் தன் ஹாலில் வைப்பேன் என்று குமரன் சொன்னான். மாப்பிள்ளை பாஸ்கருக்கு அது எடைக்குப் போட வேண்டிய சாமான். "அத்தைக்குச் சின்னதா ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வாங்கித் தரேன், சொம்பு சைஸ்ல இருக்கும்" என்றார். என்னை யாரும் கேட்கவில்லை. "அம்மாவுக்கு அதுல என்ன தெரியும், தூசி தட்டுறதோட சரி" என்றான் உங்கள் மகன்.

அவர்களுக்குத் தெரியாத சேதி ஒன்று உண்டு. நீங்கள் போனதிலிருந்து மத்தியானம் சாப்பிட்டதும் நான்தான் ரெக்கார்டைப் போட்டுக் கேட்கிறேன். இந்த வீட்டிலும் நீங்கள் அளந்து போட்டுவைத்த சாக்பீஸ் கோட்டில், உங்கள் நாற்காலியில். இத்தனை வருஷமும் சமையலறையிலிருந்தே கேட்டதால் எனக்கு இடது பெட்டிச் சத்தம்தான் வந்திருக்கிறது. வலது பெட்டிக்குள் இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. ஏன் ஒரு நாளும் கூப்பிட்டு உட்கார வைக்கவில்லை? கூப்பிட்டிருந்தாலும், அடுப்பில் வேலை இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பேன், அது வேறு விஷயம்.

அந்தச் செட்டு எனக்கு வேண்டும். ஆனால் பெற்ற பிள்ளையிடம் கேட்டு வாங்கிப் பழக்கமில்லை. வாயை மூடிக்கொண்டு வடை சுட்டேன்.

மொட்டை மாடியில் இலை போட்டு, கருவாட்டுக் குழம்பும் வடையும் வைத்து எல்லோரும் கா கா என்று கத்தினோம். காக்கா பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்துகொண்டு எங்களையே பார்த்தது, இறங்கவில்லை. "பாட்டு இல்லாம அப்பா எப்படி வருவாரு?" என்றான் குமரன். எந்தப் பாட்டு என்று மாப்பிள்ளை கேட்டார். தன் போனில் அதே சிம்பொனியைப் புதிதாக வாசித்தது இருக்கிறதாம், அதுதான் சுத்தமாம். பேச்சு முற்றியது. கடைசியில் குமரனே தீர்ப்பு எழுதினான்: "யாரு போடுறதுக்கு அப்பா வந்து சாப்பிடுறாரோ, அவங்க சொல்றதுதான் முடிவு. செட்டு எங்க போவணும்னு அவங்களே சொல்லட்டும்."

இரண்டு பெட்டியையும் குமரனும் மாப்பிள்ளையும் மாடிப்படியில் தூக்கிக்கொண்டு வந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வெயிலில் ரெக்கார்டு வளைந்துவிடும் என்று நான் குடை பிடித்தேன். உங்களுக்குக்கூட நான் குடை பிடித்ததில்லை.

உங்கள் ரெக்கார்டில் வாத்தியக்காரர்கள் முன்னால் நின்று குச்சி ஆட்டுகிறவர் நிதானஸ்தர். வெல்லப்பாகு பதம் பார்க்கிற மாதிரி, ஒவ்வொரு இடத்திலும் நின்று பார்த்துத்தான் நகர்வார். காக்கா தலையைச் சாய்த்துக் கேட்டது. அலகைத் தீட்டியது. ஒரு பாகம் முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது, அது அங்கேயே இருந்தது.

"அப்பா ரசிக்கிறாரு" என்றான் குமரன்.

"ரசிச்சா போதுமா மச்சான், சாப்புட வேணாமா?" என்றார் மாப்பிள்ளை.

அடுத்து, அவர் தனக்கென்று வைத்திருக்கிற சொம்பு சைஸ் ஸ்பீக்கர். சத்தம் பளிச்சென்றுதான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அதில் வாசிக்கிறவர்களுக்குப் பண்ருட்டி பிரைவேட் பஸ்ஸின் அவசரம், ஒரு ஸ்டாப்பிலும் நிற்கவில்லை. நடுவில் பாட்டு நின்று விளம்பரம் வந்தது, முடி கொட்டுகிறதா என்று ஒரு பெண் கேட்டாள். உங்களிடம் கேட்கிற கேள்வியா அது? காக்கா பறந்தே போய்விட்டது.

"எங்கப்பா கோச்சிகினு எழுந்து போயிட்டாரு" என்றான் குமரன்.

நம் பெண் மலர் பசியில் கொதித்தாள். "நீங்க ரெண்டு பேரும் போட்டி போடுறதுக்கு நாங்க பட்டினியா?"

அப்போதுதான் படையலுக்கு வந்து நிழலில் உட்கார்ந்திருந்த தேவசகாயம் அண்ணன் எழுந்தார். "தங்கச்சி, எங்க பக்கம் காக்காவுக்கு வைக்கிற பழக்கம் கிடையாது. ஆனா இவனுங்க போடுறத கேட்டுகினு என்னால சும்மா உக்கார முடியல." மொபெட் பையிலிருந்து டூ-இன்-ஒன்னை எடுத்துவந்தார்.

"படையலுக்கு வரப்ப இத எதுக்குண்ணா கொண்டாந்தீங்க?"

"சும்மாதான். பை காலியா இருந்துச்சு."

மூன்றாம் பாகத்திலிருந்து ஓடவிட்டார். என் குக்கர் விசில் வந்ததும் சிரித்தார்கள், காக்காவும் தண்ணீர்த் தொட்டிக்குத் திரும்பி வந்தது. கீரைக்காரம்மா வந்ததும் மலருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் குழம்பைச் சூடு பண்ணக் கீழே இறங்கினேன். சமையலறை மாடிப்படியை ஒட்டித்தானே, பேசினால் மேலே கேட்கும். அந்தப் பாகத்தில் ஒரு இடம் வருமே, எல்லா வாத்தியமும் அடங்கி, மத்தளம் மட்டும் தூக்கத்தில் முனகுகிற மாதிரி ஒலிக்கும். சரியாக அந்த இடத்தில், கேசட்டுக்குள்ளிருந்து ஷிஃப்ட் சங்கு ஊதியது.

அது உள்ளே இருப்பதை எல்லோரும் மறந்திருந்தோம். நானும்தான். கையில் கரண்டி, கண் அடுப்பில், வாய் தன்னால் சொல்லிவிட்டது: "ஊதிடுச்சுங்க, வாங்க."

மேலேயிருந்து மலர் கூப்பிட்டாள். "அம்மா, மேல வாயேன். வந்துட்டாரு."

ஏறிப்போனேன். இலை நடுவில் நின்றுகொண்டிருந்தீர்கள். வடையைத் தொடாமல் கருவாட்டை இழுத்துக்கொண்டிருந்தீர்கள். வேறு யாராக இருக்க முடியும்?

"பாத்தியா குமரா, யாரு கேசட்டுக்கு வந்தான் பாத்தியா உங்கப்பன்?" என்றார் அண்ணன்.

"செல்லாது மாமா" என்றான் குமரன். "நான் பாத்துகினேதான் இருந்தேன். சங்குக்குத் தலையத்தான் தூக்கினாரு. அம்மா கூப்புட்டப்புறம்தான் எறங்கினாரு. கேசட்டுக்கு வரல, அம்மாவுக்குத்தான் வந்தாரு."

மாப்பிள்ளை மெதுவாகச் சிரித்தார். "அப்ப ஜெயிச்சது அத்தையா மச்சான்? செட்டு எங்க போவணும்னு அத்தையே சொல்லட்டும்."



"எறக்கிக் கீழ வைங்க" என்றேன். "சாக்பீஸ் கோட்டுக்கு நேரா."

"அந்தக் கோடு எதுக்குன்னு உனக்குத் தெரியுமாம்மா?" என்றான் குமரன்.

"அங்க உக்காந்தாதான்டா வலது பொட்டி கேக்கும்."

அவன் ஒரு பெட்டியைத் தனியாளாகத் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் கோயில் முடிந்ததும் வருகிறார். கேசட்டா ரெக்கார்டா என்று என்னிடம் சண்டை போடுகிறார். நான் உங்கள் கட்சிதான். நிதானஸ்தர்தான் நல்லவர். ஆனாலும் அந்த இடத்தில் சங்கு இல்லாமல் கேட்கும்போது, உப்புப் போட மறந்த குழம்பு மாதிரி இருக்கிறது என்பதை அண்ணனிடம் ஒப்புக்கொள்ளவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. நீங்கள் வந்தது சங்குக்கா, எனக்கா?

பதில் வேண்டாம். ஃபேனை நிறுத்த மட்டும் என்னால் ஆகாது, ஆனால் வேறொரு சத்தியம் செய்கிறேன். ரெக்கார்டு போடுகிற நாளெல்லாம் மாடியில் ஒரு கைச் சோறு இருக்கும். மூன்றாம் பாகத்தில் வாத்தியமெல்லாம் அடங்குகிற அந்த இடம் வந்ததும் நாற்காலியிலிருந்தபடியே சொல்வேன், ஊதிடுச்சுங்க என்று. கை கழுவிக்கொண்டு வந்துவிடுங்கள்.

வலது பெட்டியையும் கேட்டுவிட்ட உங்கள் வீட்டுக்காரி,
யாழினியின் ஆயா,
அஞ்சலை