மணலுக்குப் போர்த்திய வரைபடம்

அன்பு நண்பனுக்கு,

வணக்கம். இக்கடிதம் கைக்கு வரும்போது நீ எந்த ஊர் மேடையில் நிற்பாய் என்று எனக்குத் தெரியாது. எங்கு நின்றாலும் உடல்நலத்தோடு நிற்க வேண்டும் என்று விரும்புகிறேன். உனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று நினைக்கிறேன். தொலைக்காட்சியில் உன் குரலைக் கேட்டு இதைச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இப்போது ஒலியை நிறுத்திவிட்டே உன்னைப் பார்க்கிறோம். நீ அடிக்கடி கழுத்தைத் தடவிக்கொள்வதை வைத்து ஊகித்தேன். வெந்நீர் குடி. கல்லூரியில் உனக்கு 'மைக்' என்று பெயர் வைத்தவன் நான். கட்சி உன்னைச் செய்தித் தொடர்பாளர் ஆக்கியபோது, "வாத்தி, நீ அன்னிக்கே கண்டுபிடிச்சிட்டடா" என்று சொல்லி என் தோளில் அடித்தாய். அந்தத் தொண்டை கெடக் கூடாது. எனக்கு அது தேவைப்படுகிறது. ஏன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

வீட்டு நிலவரம் கேட்பாய். உன் தங்கச்சி, அதாவது என் மனைவி, நன்றாகவே இருக்கிறாள். அழவில்லை. சமைக்கிறாள், துணி மடிக்கிறாள், யாராவது கதவைத் தட்டினால் என்னைப் பார்க்கிறாள். மகளுடைய மேசையில் கணினி இருந்த இடம் மட்டும் சுத்தமாக இருக்கிறது. சுற்றிலும் தூசி படிந்துவிட்டது. துடைக்கட்டுமா என்று கேட்டேன். அவள் துணியை என் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்தாள். நானும் துடைக்கவில்லை. மகளுடைய வண்டி வாசலில் நிற்கிறது. சாவி காவல் நிலையத்தில் இருக்கிறது. எனக்கும் பெரிதாக ஒன்றும் தோன்றுவதில்லை. பல் மருத்துவர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறொருவர் கன்னம் போல இருக்குமே, அப்படி இருக்கிறது.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உனக்குத் தெரியாதது எதுவும் அதில் இல்லை. ஆனாலும் நீ அதை இத்தனை மேடைகளில் இத்தனை விதமாகச் சொல்லிவிட்டாய். முதலில் எப்படி நடந்தது என்பது உனக்கே மறந்துபோயிருக்கலாம்.

இந்த ஊரில் மேடை அகலத்துக்கு ஒட்டுப்போடாமல் ஒரே துண்டாகப் பேனர் அச்சடிக்கும் இயந்திரம் என் மகள் வேலை பார்த்த கடையில் மட்டும்தான் இருக்கிறது. அதனால் தேர்தல் வந்தால் இரண்டு கட்சிக்காரர்களும் அதே பெஞ்சில் உட்கார்ந்து அதே கெட்டில் தேநீரைக் குடிப்பார்கள். "மேடையில வெட்டிக்கிறாங்க, எங்க கடையில பிஸ்கட் பாக்கெட்டை மாத்திக்கிறாங்கப்பா" என்று மகள் சொல்லிச் சிரிப்பாள். இந்த முறை இரு தரப்புக்கும் முழக்கம் ஒன்றே: நாட்டின் பாதுகாப்பு. கேட்ட படமும் ஒன்றே: பின்னால் நாட்டின் வரைபடம், முன்னால் தலைவர். ஒரே வரைபடத்தை வைத்து, நிறத்தையும் முகத்தையும் மட்டும் மாற்றி இருவருக்கும் செய்து கொடுத்தாள். அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான்.

முதலில் எதிரணியின் மாவட்டச் செயலாளர் வந்து பார்த்து, சரி என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் படத்தில் வரைபடம் முழுதாக இருந்தது. பிறகு நீ போனாய். அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவர்கள் தலைவரின் முகம் திரையில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்தாய். "மருமகளே, எங்க ஆளு முகம் இதைவிடச் சின்னதா இருந்தா எனக்குப் பொழைப்புப் போயிடும்" என்றாய். "மாமா, இதுக்கு மேல பெருசாக்கினா வடக்கு மூலை தலைக்குப் பின்னாடி மறைஞ்சிடும்" என்று அவள் சொன்னாள். நீ தேநீரை ஊதிக்கொண்டே, "மறையட்டும்மா. அந்த மூலையில யாரு ஓட்டுப் போடப் போறாங்க?" என்றாய்.

அன்றிரவு சாப்பாட்டின்போது அவள் இதை உன் குரலிலேயே நடித்துக் காட்டினாள். நாங்கள் மூவரும் சிரித்தோம். உன் மீது எங்களுக்கு அவ்வளவு பிரியம் இருந்தது.

உங்கள் தலைவர் முகம் வளர்ந்த செய்தி எதிரணிக்குப் போகாமல் இருக்குமா? மறுநாள் செயலாளர் திரும்பி வந்து, தங்கள் தலைவர் அதைவிடப் பெரிதாக வேண்டும் என்றார். அவரிடமும் மூலை மறையும் என்று சொல்லியிருக்கிறாள். "நீ போடும்மா, தலைவர்தான் முக்கியம்" என்றாராம். போட்டாள். இரண்டு தலைகளும் வளர்ந்தன. இரண்டு பேனர்களிலும் அந்த மூலை காணாமல் போயிற்று. தேசபக்தியில் யார் பெரியவர் என்ற போட்டி இந்த அளவுக்குத் துல்லியமாக அளக்கப்பட்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவர்களுடைய கூட்டம் முதலில் நடந்தது. அங்கே திரண்டவர்கள் எல்லோரும் தலைவரின் முகத்தைப் பார்த்தார்கள். படம் பிடித்த செய்தியாளர்களும் முகத்தைத்தான் பார்த்தார்கள். நீ ஒருவன்தான் மூலையைப் பார்த்தாய். அங்கே பார்க்க வேண்டும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். அன்று மாலையே சிவப்பு வட்டம் போட்ட படத்தோடு வந்து, "ஜெயிக்கிறதுக்கு முன்னாடியே நாட்டுல ஒரு மூலையை எதிரிக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க" என்றாய். உங்கள் சொந்தப் பேனரைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டு, வெறும் கட்சி நிறத் துணியைக் கட்டி உங்கள் கூட்டத்தை நடத்தினீர்கள்.

அவர்கள் என்ன செய்தார்கள் என்பது நாட்டுக்கே தெரியும். தங்கள் கட்சிக்குள் யாரோ சதிகாரரை ஏவிவிட்டார்கள் என்று சொல்லி, வடிவமைத்த பெண் மீது அவர்களே புகார் கொடுத்தார்கள். நீங்கள் உடனே அந்தப் புகாரை வரவேற்றீர்கள். இந்தத் தேர்தலில் இரண்டு கட்சிகளும் ஒத்துப்போன ஒரே விஷயம் என் மகள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். தொலைக்காட்சி விவாதத்தில் நெறியாளர், அந்தப் பெண் தெரியாமல் செய்திருக்கலாமே என்று உன்னிடம் கேட்டார். நீ சிரித்தாய். "தெரியாமலா? அந்தப் பொண்ணோட அப்பா யாரு தெரியுமா? காலேஜ்ல புவியியல் பேராசிரியர். மேப்பு தெரியாத வீடா அது?" என்றாய். அதுவரை அவள் கவனக்குறைவான ஒரு பெண். அதற்குப் பிறகுதான் திட்டமிட்டவள் ஆனாள். குற்றப்பத்திரிகையில் அந்த வரி அப்படியே இருக்கிறது. அவளுக்கு ஆறு வயதில் கையை எடுக்காமல் நாட்டின் எல்லையை வரைய நான் கற்றுக்கொடுத்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து, "மருமகளே, மாமாவுக்கும் ஒண்ணு போட்டுக் குடு" என்று கேட்டவன் நீ. அன்று அவள் வரைந்து தந்ததில் எல்லா மூலைகளும் இருந்தன. நெறியாளரிடம் அதையும் சொல்லியிருக்கலாம்.

கல்லூரியில் முதல்வர் என்னை மரியாதையாகத்தான் நடத்தினார். "கொஞ்ச நாள் லீவுல இருங்க சார், உங்க நல்லதுக்குத்தான்" என்றார். நான் புறப்படும்போது காவலர் ஒருவர் என் வகுப்பறைச் சுவர் வரைபடத்தின் முன் ஸ்டூலில் ஏறி நின்று, அளவுகோலை வைத்து எல்லையை அளந்துகொண்டிருந்தார். அளவை விகிதம் கீழே எழுதியிருக்கிறது என்று காட்டினேன். நன்றி சொன்னார்.

அந்த மூலைக்கு நான் மாணவர்களை ஒருமுறை அழைத்துப் போயிருக்கிறேன். அங்கே ஒரு தபால் நிலையம் இருக்கிறது. பள்ளிக்கூடம் இருக்கிறது. வெள்ளத்தில் இடிந்த பாலம் ஒன்று இருக்கிறது. அதைக் கட்டித் தருவதாக உங்கள் ஆட்சியும் சொன்னது, அவர்கள் ஆட்சியும் சொன்னது. பிள்ளைகள் இன்னும் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் ஆற்றைக் கடக்கிறார்கள். இரண்டு தேர்தல் அறிக்கைகளையும் முழுவதும் படித்துவிட்டேன். இப்போது எனக்கு நேரம் நிறைய இருக்கிறது. அந்தப் பாலம் இரண்டிலும் இல்லை.

சிறையில் அவளைப் பார்க்க வாரம் ஒருமுறை விடுகிறார்கள். மெலிந்திருக்கிறாள். "சுவத்துல ஒட்டியிருக்கிற நோட்டீஸ்ல எழுத்தெல்லாம் கோணலா இருக்குப்பா. இங்க அதுதான் பெரிய தண்டனை" என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு, மாமாவுக்கு விஷயம் தெரியுமா என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "தெரிஞ்சிருக்காதுப்பா. பிரசாரத்துல அலைஞ்சிட்டிருப்பாரு. தெரிஞ்சா ஓடி வந்திருப்பாரு" என்றாள். அவள் இருக்கும் பகுதியில் தொலைக்காட்சி இல்லை. சிறை நிர்வாகத்துக்கு நான் நன்றி சொல்ல வேண்டிய ஒரே விஷயம் அது.

உன் வீட்டுக்கு வந்திருந்தேன். உன் மனைவி வெளியே வந்து, "அவரு ஊர்ல இல்லண்ணே" என்றாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள். ஜன்னல் திண்டில் உன் மூக்குக்கண்ணாடி இருந்தது. அன்று மாலை தொலைக்காட்சியில் அதே கண்ணாடியை அணிந்திருந்தாய். அதைப் பற்றிக் கேட்க நான் வரவில்லை. கண்ணாடி கிடைத்ததில் மகிழ்ச்சி.

திரும்பும்போது, நீ மாடி எடுப்பதற்காகக் கொட்டியிருக்கும் மணலைப் பார்த்தேன். அதன்மேல் பேனர் ஒன்றைக் கவிழ்த்துப் போர்த்தியிருந்தார்கள். காற்றில் ஒரு பக்கம் தூக்கியது. உங்கள் தலைவரின் நெற்றி தெரிந்தது, அதற்குப் பின்னால் வரைபடம், மூலை இல்லை. மேஸ்திரி பெருமையோடு, "புத்தம் புதுசு சார். மேடைக்குன்னு அடிச்சாங்களாம், ஏத்தவே இல்லையாம். நல்ல கனமான ஷீட்டு, வீணாப் போகக் கூடாதுன்னு ஐயா கொடுத்து விட்டாரு" என்றார். ஓரத்தில் கடையின் பெயர் சிறிய எழுத்தில் இருந்தது. அந்த எழுத்து கோணலாக இல்லை. நான் நான்கு செங்கற்களை எடுத்து நான்கு முனைகளிலும் வைத்துவிட்டு வந்தேன். மழை வரும் போலிருந்தது.

அதை ஏன் சுருட்டி எடுத்து வரவில்லை என்று நீ யோசிப்பாய். அங்கிருந்தே மகளின் வக்கீலம்மாவிடம் போனில் கேட்டேன். அவர் விளக்கினார். அந்தப் பேனரை நான் கொண்டுபோனால், அது அவள் செய்த இரண்டாவது குற்றம். ஒருமுறை நடந்தால் தவறு, இருமுறை நடந்தால் நோக்கம் என்பார்கள். அதையே நீ கொண்டுவந்து, 'நான் கேட்டேன், மூலை மறையும் என்று அவள் எச்சரித்தாள், பரவாயில்லை என்று நான்தான் சொன்னேன்' என்று சொன்னால், அவளுக்குக் கெட்ட நோக்கம் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. துணி ஒன்றுதான். யார் வாய் திறக்கிறது என்பதைப் பொறுத்து அது அவளை விடுவிக்கும், அல்லது உள்ளேயே புதைக்கும். கடை முதலாளி கடையைப் பூட்டிக்கொண்டு மைத்துனர் வீட்டுக்குப் போய்விட்டார். செயலாளருக்கு அந்தக் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்பதே மறந்துவிட்டதாம். எஞ்சியிருப்பவன் நீ.

உன் ஓட்டுநர் வந்து சொன்னார். "எலக்‌ஷன் முடியட்டும், எல்லாம் பேசிக்கலாம்னு ஐயா சொல்லச் சொன்னாரு. பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாதாம்." சொல்லி முடிக்கும்வரை வண்டியை அணைக்கவில்லை. ஜாமீன் மனு வாக்குப்பதிவுக்கு முன்பே, வரும் வெள்ளிக்கிழமை, விசாரணைக்கு வருகிறது. அன்று தள்ளுபடியானால் வழக்கு தேசப் பாதுகாப்புக்கான தனி நீதிமன்றத்துக்குப் போய்விடும். அங்கே போனவர்கள் எப்போது வெளியே வருவார்கள் என்று கேட்டேன். வக்கீலம்மா தன் பேனாவை மூடிவிட்டு, "சார், அதை இப்ப கேக்காதீங்க" என்றார்.

நீ எதை இழப்பாய் என்று எனக்குத் தெரியும். வெற்றி பெற்றால் உனக்கு என்ன பதவி என்று பத்திரிகையிலேயே எழுதுகிறார்கள். அது கிடைக்காது. இரண்டு கட்சிக்காரர்களும் உன்னைத் துரோகி என்பார்கள். அந்தச் சொல்லோடு ஒரு வீட்டில் எப்படி வாழ்வது என்பதை நாங்கள் உனக்குச் சொல்லித் தருவோம். காலையில் பால்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அது பழகிவிடும்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, நீதிமன்றத்தின் முதல் மாடி, வலப்பக்கம் இரண்டாவது அறை. வரும்போது மணலின் மேலிருக்கும் அந்தத் துணியைச் சுருட்டி எடுத்து வா. செங்கற்களை அங்கேயே வைத்துவிடு, வீட்டு வேலைக்கு ஆகும்.

சென்ற முறை பார்த்தபோது அவளிடம், மாமாவுக்குத் தகவல் சொல்லிவிட்டேன், வெள்ளிக்கிழமை வருகிறார் என்று சொன்னேன். அவள் முகம் தெளிந்ததைப் பார்த்த பிறகு என்னால் அதைத் திருத்த முடியவில்லை. அவளை அழைத்து வந்து நிறுத்தும் இடத்திலிருந்து பார்த்தால் வாசல் நேராகத் தெரியும். அவள் என்னைப் பார்க்க மாட்டாள், வாசலைத்தான் பார்ப்பாள். நான் சொன்னது பொய்யா இல்லையா என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும்.

உன் தொண்டை அதற்குள் சரியாகட்டும். வெந்நீர் குடி. நீ நீண்ட நாள் நலமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் மருமகளின் அப்பா