கொதித்தாறின தண்ணீரும் வடைமாலை நூலும்

மச்சான்,

போன சனிக்கிழமை கோயிலில் வைரவருக்கு யாரோ வடைமாலை சாத்தியிருந்தார்கள். பூசை முடிந்து மாலையைக் கழற்றிப் பிரசாதம் கொடுத்ததில் எனக்கு இரண்டு வடை கிடைத்தது. கடைச் சாமான் ஏற்றுகிற என் வானுக்குள் இருந்து கடித்தேன். நூல் பல்லில் மாட்டியது. வேறு நாள் என்றால் வாய்க்குள் எதையாவது முணுமுணுத்திருப்பேன். அன்று உன் குரல்தான் கேட்டது: "வடையை விடு, நூலைப் பார்."

நாங்கள் இருவரும் ஒரே கிழமையில் இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து, ஒரே பேஸ்மென்ற்றில் ஒரே அடுப்பில் சமைத்தவர்கள். நான் சாப்பாட்டுக் கடைகளுக்குப் பிளாஸ்டிக் பெட்டி விற்று ஆளானேன். நீ ஃபக்டரியில் முதுகை முறித்து, பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு, தலை நரைத்த பிறகு, ஊரில் பாதியில் விட்ட பௌதிகத்தைப் படிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் போனாய்.

"உதாலை என்ன வரும்படி?" என்று கேட்டேன்.

"ஒண்டும் வராது. எல்லாத்தையும் உன்ர கல்லாப்பெட்டிக்குள்ளாலை பாராதை."

ஒரு மத்தியானம் கடைக்கு வந்து, தடித்த பிளாஸ்டிக் பலகை ஒன்றில் நாலு நாலாகத் துளை போட்டுத் தரச் சொன்னாய். துளைகளுக்குள் தண்ணீர் நிரப்பவேண்டுமாம்.

"மீன் வளக்கப் போறியோ?"

"மைக்ரோவேவ் விடப்போறன். நீ சோறு சூடாக்கிற அதே சாதி அலைதான்."

எனக்கு விளங்கவில்லை. என் மேசையில் இருந்த உளுந்து வடை நாலை எடுத்து, பெட்டி கட்டுகிற நூலில் கோத்து, வட்டமாக வைத்தாய்.

"ஒரு துளையிலை உள்ள தண்ணி ஒரு வடை எண்டு வை. தண்ணி அசையாது. அலை பட்டால் அதுக்குள்ளை மின்சாரம் ஒரு பக்கத்தாலை ஏறி மற்றப் பக்கத்தாலை இறங்கும், வடையைச் சுத்தி வாற மாதிரி. நாலும் சேந்து சுத்தினால், காந்தப்புலம் இந்த நூல் மாதிரி நாலுக்குள்ளாலையும் போய்த் தன்ர வாலைத் தானே பிடிக்கும். வெளியிலை நிக்கிறவனுக்கு வடை தெரியும், நூல் தெரியாது."

டொரொய்டல் டைபோல் என்று ஒரு பெயரும் சொன்னாய். "பெயர் கிடக்கட்டும், என்ர வடையைத் தா" என்றேன். ஆனாலும் கடைப்பெயர்ப் பலகை வெட்டுகிற என் சிநேகிதனிடம் சொல்லி, நீ கேட்டபடியே துளைத்துக் கொடுத்தேன்.

பிறகு உனக்கு வருத்தம் வந்தது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேரவேண்டும் என்றார்கள். அதற்கு முதல் ஞாயிறு நீ போன் எடுத்தாய். "என்னை லாப்புக்குக் கூட்டிக்கொண்டு போ. திரையிலை கோடு பள்ளமா இறங்கிறதை ஒருக்கால் கண்ணாலை பாத்திட்டன் எண்டால் போதும்."

உன் வீட்டு வாசலில் உன் மனிசி உனக்குச் சால்வையைச் சுற்றிவிட்டா. வீட்டிலேயே தண்ணீர் நிரப்பி மூடிய பலகையை வானின் பின்பக்கம் வைத்தோம். நல்ல குளிர்.

லாப்பில் புனல் மாதிரி இரண்டு உலோகக் கொம்புகள், நடுவில் உன் பலகை. திரையில் போகிற கோடு ஓரிடத்தில் பள்ளமாக இறங்கவேண்டும். அதுதான் நூல் இருப்பதற்கு அடையாளம் என்றாய். கோடு இறங்கவில்லை. தாறுமாறாக நெளிந்தது. திரும்பத் திரும்ப அளந்தாய். கடைசியில் ஜக்கெற்றைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்துவிட்டாய்.

நான் பலகையைக் குனிந்து பார்த்தேன். "என்னடா இது, உள்ளுக்குச் சோடா மாதிரிக் கிடக்கு?"

நீ எழும்பி வந்தாய். துளைச் சுவரெல்லாம் சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்.

"பைப் தண்ணி. குளிருக்கை கிடந்தது இப்ப சூடேறக் காத்தைக் கக்குது." காற்றுப் போகக் கொதிக்கவைத்த தண்ணீர் வேண்டும். அது ஆறும்வரை இருக்க உன் உடம்பு விடாது. உன் கண் என் பிளாஸ்க்கில் போய் நின்றது.

"உதுக்குள்ளை என்ன?"

"தண்ணி."

"கொதித்தாறினதோ?"

"வேறை என்னத்தைக் குடிப்பன்?"

இந்த நாட்டுப் பைப் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கிற விசரன் நான் ஒருத்தன்தான் என்று எத்தனை வருசம் நக்கலடித்திருப்பாய். அன்று சிரித்தாய், சிரிப்பு இருமலாக முடிந்தது. கடைகளுக்குக் காட்ட வானுக்குள் வைத்திருந்த வெறும் சோஸ் போத்தலால் துளை துளையாக நிரப்பினோம். நீ பிடித்தாய், நான் ஊற்றினேன்.

கோடு இறங்கியது. பெரிய பள்ளம் ஒன்றுமில்லை. கொடியில் ஈரச்சேலை தொய்கிற மாதிரி ஒரு தொய்வு.

"இவ்வளவுதானோ?" என்றேன். எனக்கு மறைக்கத் தெரியாது.

"தண்ணி அலையைக் குடிக்கும். ஆழமா வராது. ஆனா நான் கணக்குப் போட்ட இடத்திலைதான் வந்திருக்கு." விரலைத் திரையில் வைத்தாய். "உந்தா, மச்சான்."

திரும்பி வரும்போது வானுக்குள் நித்திரையாகிவிட்டாய். வீட்டு வாசலில் இறங்கினபோதுதான் சொன்னாய்: "நீ கொதிக்கவை. இனி நான் ஒண்டும் சொல்லன்."

ஆஸ்பத்திரிக்குப் போன நீ வீட்டுக்கு வரவில்லை.

பலகையை உன் மனிசி என்னிடம் தந்துவிட்டா. இப்போது கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. "அண்ணை, உது என்ன விலை?" என்று கேட்கிறார்கள். எதற்கும் ஒரு விலை சொல்லத் தெரிந்த நான் அதற்கு மட்டும், "விக்கிறேல்லை" என்கிறேன். விடாமல் கேட்டால் வடைமாலைக் கதையைச் சொல்வேன். பாதி பிழையாகத்தான் இருக்கும். திருத்த நீ இல்லை.

சனிக்கிழமை பல்லில் மாட்டிய நூலை நான் எறியவில்லை. கழுவிக் காயவைத்து, பலகையின் மேல் ஒரு நாலு துளைகளைச் சேர்த்து வட்டமாக வைத்திருக்கிறேன். துளைகளில் தண்ணீர் வற்றியிருக்கிறது. கேத்திலில் தண்ணீர் இப்போதுதான் கொதித்து நின்றது. ஆறினதும் நிரப்பிவிட்டுத்தான் கடை திறப்பேன்.