காதில் விழாத விசில்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. காது இரண்டைத் தவிர மற்றபடி நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் வாலுக்குட்டியும் காது உட்பட எல்லாம் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசாமல் எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய், கடைசியில் சொல்கிறேன், நடுவில் தாவிப் போகாதே.

வியாழக்கிழமை காலையில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பழைய எலக்ட்ரானிக் சாமான் வாங்குகிறவர் ஒருவர் இரண்டு ஆட்களோடு இறங்கினார், பின்னாலேயே உன் மாமா, என் முகத்தைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே. வேலை மேசை, ஆசிலோஸ்கோப், வால்வு டெஸ்டர், அலமாரியில் இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர்கள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போக வந்திருக்கிறார்களாம். நான் யாரையும் கூப்பிடவில்லையே என்றேன். உங்க பொண்ணு போன்ல கேட்டப்ப நீங்கதான் சரின்னு சொல்லிட்டீங்களாமே என்றார் அந்த மனிதர். கையில் சால்டரிங் அயர்ன் இருந்தது, சூடாகவும் இருந்தது, அதை நான் கீழே வைக்கவில்லை. டீ குடிச்சுட்டுக் கிளம்புங்க என்றேன். குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். உன் மாமா மட்டும் குடிக்கவில்லை, தம்பிக்கு ரோஷம்.

ரிப்பேருக்கு வந்த பல் டாக்டர் வீட்டு ஆம்ப்ளிஃபயரை நான் கெடுத்துவிட்டேன் என்று அவன் உனக்குச் சொல்லியிருப்பான். உண்மைதான், ஆனால் அவன் சொன்னது பாதி. மீதியை மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு, இன்ஜினியர்தானே, தப்பிருந்தால் சொல்லட்டும். அது ஐம்பதுகளில் வந்த பிரிட்டிஷ் வால்வு ஆம்ப்ளிஃபயர். பார்க்கிறவர்கள் கண்ணாடி பல்பு மாதிரி செக்கச்செவேலென்று எரிகிற வால்வைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள், சூட்சுமம் அதில் இல்லை. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிறது, அங்கிருந்து திரும்பி வருகிற ஒரே ஒரு ஒயரில் இருக்கிறது. வெளியே போகிற சத்தத்தில் துளியை எடுத்துத் தலைகீழாக்கி முதல் வால்வுக்கே அனுப்புவார்கள், நடுவில் நடந்த தப்பு அதில் அடிபட்டுப்போகும். ஆனால் அது உடனுக்குடன் வந்து சேர வேண்டும். ரொம்ப உச்சமான சத்தத்தில் டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தாமதப்படுத்திவிடும், தாமதமாக வந்தால் தப்பைத் திருத்தாது, தப்புக்குத் தூபம் போடும், ஆம்ப்ளிஃபயர் தானாகவே விசிலடிக்க ஆரம்பித்துவிடும். அதை அடக்குவதற்காகவே அந்த வழியில் நகத்தைவிடச் சின்னதாக ஒரு கெப்பாசிட்டரை வைத்திருக்கிறார்கள். நான் அதை மாற்றினேன். ஒரு காலில் ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை. விசில் அடித்திருக்கிறது, மெல்லிய விசில், எனக்குக் கேட்கவில்லை. பாட்டு நன்றாகத்தான் கேட்டது. ‘சரி’ என்று சீட்டு எழுதி ஒட்டிக் கொடுத்துவிட்டேன்.

இருபது நாள் அது கத்தியிருக்கிறது. பாட்டுப் போட்டாலே டாக்டர் வீட்டு நாய் கொல்லைப்பக்கம் ஓடியிருக்கிறது. ஏதோ விசில் அடிக்குது மாமா என்று அவர் மருமகள் சொன்னதற்கு, உனக்கு பிரமைம்மா என்றிருக்கிறார். ஸ்பீக்கரில் கீச்சுக் குரலுக்கென்று இருக்கிற சின்ன ஸ்பீக்கர் எரிந்த பிறகுதான் நம்பினார். அப்போதாவது என்னிடம் சொன்னாரா, இல்லை. உன் மாமாவிடம் சொன்னார், அவன் உன்னிடம் சொன்னான், நீ வேனை அனுப்பினாய். தப்புச் செய்தவளுக்குக் கடைசியில், வேன் வந்த பிறகுதான் தெரிகிறது. இப்படிச் சுற்றிவளைத்து வந்தால் ஆம்ப்ளிஃபயர் மட்டுமா கத்தும், நானும்தான் கத்துவேன்.

நானே போய் அதைத் தூக்கிவந்தேன். பாட்டு எதுவும் கொடுக்காமலே, சத்தத்தைக் கோடாகக் காட்டுகிற ஆசிலோஸ்கோப் திரையில் கோடு பஞ்சுத்திரி மாதிரி தடித்து நின்றது, முன்பே பார்த்திருந்தால் குருடிக்குக்கூடத் தெரிந்திருக்கும். காதை நம்பிப் பார்க்காமல் விட்டது என் திமிர், ஒப்புக்கொள்கிறேன். கெப்பாசிட்டரின் அந்தக் காலைத் திரும்ப ஈயம் வைத்துப் பற்றவைத்தேன், கோடு நூலாக மெலிந்தது. எரிந்ததை மாற்றி, வீட்டுக்கே கொண்டுபோய் மாட்டினேன். காது கேக்கலைன்னா வேலையை விட்டுடலாமேம்மா என்றார் டாக்டர். இருபது நாளா பக்கத்துல உக்காந்திருந்தீங்களே, உங்களுக்குக் கேட்டுச்சா என்றேன். முப்பது வருஷமாகப் பல்லைக் குடைகிற மெஷின் அவர் காதையும் குடைந்துவிட்டிருக்கிறது. மருமகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அப்புறம் பாட்டுப் போட்டோம், நாய் வந்து ஸ்பீக்கர் முன்னால் காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. அதற்குமேல் எனக்கு எந்த சர்டிபிகேட்டும் வேண்டாம்.

இப்போது போன் விஷயம். காது டாக்டர் இரண்டு வருஷம் முன்பே சொல்லிவிட்டார், உனக்கு நான் மறைத்தேன். போனில் உன் குரல் வருகிறது, வார்த்தை பாதி வருவதில்லை. திரும்பத் திரும்பக் கேட்டால் நீ கவலைப்படுவாய் என்று எல்லாவற்றுக்கும் சரிம்மா, சரிம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உன் குரலைக் கேட்டால் போதும் என்றிருந்தது, அதுதான் நிஜம். அந்தச் சரிகளில் எதில் என் மேசையைத் தூக்கிக் கொடுத்தேன் என்று எனக்குத் தெரியாது. நீயும் ஏமாற்றவில்லை, நானும் சம்மதிக்கவில்லை. எல்லாவற்றையும் விற்றுவிட்டு உன் வீட்டுக்கு வந்து, அறையில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்கு இன்னும் நேரம் வரவில்லை. மேசையில் மூன்று ஆம்ப்ளிஃபயர் காத்திருக்கிறது. காதுக்கு மெஷின் வாங்கிக்கொள் என்பாய், வாங்கிக்கொள்கிறேன், அந்த ஒன்றில் உன் பேச்சைக் கேட்கிறேன், மற்றதில் கேட்க மாட்டேன்.

உங்கள் மூன்று பேருக்கும் என் ஆசீர்வாதம், ஒரு குறையும் இல்லாமல் இருங்கள். நான் செய்து கொடுத்த ஆம்ப்ளிஃபயரை ஸ்பீக்கர் மாட்டாமல் ஆன் பண்ணாதே, டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். என்மேல் குறை இருந்தால் எனக்கே சொல், அன்றைக்கே சொல், எழுதி அனுப்பு. டாக்டருக்கு ஒட்டிக் கொடுத்த சீட்டை நான் கிழித்துவிட்டேன். உனக்குச் சொன்ன சரியையும் இதோ திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மேசையை விடாத உன் அம்மா